இங்கிலீஷ் மிக்சர் என்ற பைப் புகையிலைக் கலவையை எப்படிச் சுவைத்து எடை போடுவது? கையில் இருப்பது 965

லீட்ஸ்_கொங்கன்

வணக்கம். ஊர் பொள்ளாச்சிப் பக்கம், இப்போது லீட்ஸில் இருக்கிறேன். இங்கே ஒரு சின்ன பைப் சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். மாதம் ஒருமுறை கூடுவோம். யாராவது ஒருவர் ஒரு டின் கொண்டுவந்து எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்து, அந்தக் கலவையைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் என் முறை. பீட்டர்சன் பெயரில் வரும் மை மிக்சர் 965, 50 கிராம் டின் வாங்கியிருக்கிறேன். டன்ஹில் பெயரில் வந்துகொண்டிருந்த அதே கலவைதான் என்று கடையில் சொன்னார்கள்.

இதுவரை வெனிலா, செர்ரி மணம் ஏற்றிய புகையிலைதான் பிடித்திருக்கிறேன். இது அடியோடு வேறு மாதிரி இருக்கிறது. டின்னைத் திறந்தால் தார் பூசிய கயிறு, தண்ணீர் தெளித்து அணைத்த விறகு. பற்றவைத்த பிறகும் அதே மணம்தான். நாக்கு எரிகிறது. பாதியைத் தாண்டினால் கசக்கிறது. மற்றவர்கள் எழுதியதைப் படித்தால் அத்திப்பழம், பழைய தோல், சாம்பிராணி, கம்பு ரொட்டி என்று அடுக்குகிறார்கள். எனக்கு இதில் ஒன்றுகூட அகப்படவில்லை.

பைப் புதிது, மக்காச்சோளக் கட்டையில் செய்தது. இங்கிலீஷ் கலவைக்கென்று தனியாக வாங்கினேன்.

நான் கேட்பது இதுதான். இந்த வகைக் கலவை நன்றாக இருக்கிறது, சுமாராக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கசப்பு கலவையின் குறையா, நான் பிடிக்கும் விதத்தின் குறையா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சங்கத்தில் இருப்பவர்கள் முப்பது நாற்பது வருடமாகப் பிடிப்பவர்கள். அவர்கள் முன்னால் வாங்கிய வார்த்தைகளை ஒப்பிக்க எனக்கு மனமில்லை.

கரும்புகை

இங்கிலீஷ் மிக்சர் என்றால் லட்டாக்கியா, அதாவது புகை ஊட்டிய கறுப்பு இலை. அது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அவ்வளவுதான் கணக்கு. 965 நடுத்தரம். உண்மையான ருசி தெரிய வேண்டுமானால் நைட்கேப் என்ற கலவையை வாங்குங்கள்.

இன்னொன்று. நல்ல 965, அதைச் செய்துகொண்டிருந்த பெல்ஃபாஸ்ட் மர்ரே ஆலை 2005-ல் மூடியதோடு போய்விட்டது. அதன் பிறகு டென்மார்க்கில் செய்கிறார்கள். 2018-ல் டன்ஹில் பெயரும் நின்றது. என்னிடம் மர்ரே காலத்து டின் ஒன்று இன்னும் இருக்கிறது. அதைத் திறந்து மோந்து பார்த்தவர்கள் இப்போதைய டின்னைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

வடமராட்சியான்

தம்பி கொங்கன், சுங்கானை (உங்கட பைப்பை) கொஞ்சம் அங்கால வைச்சிட்டு ஒரு வெள்ளைக் கடுதாசி எடுங்கோ.

டின்னிலயிருந்து ரெண்டு விரலால கிள்ளி எடுத்து, கடுதாசியில பரப்பி, சன்னலடியில நல்ல வெளிச்சத்தில வைச்சு நிறம் நிறமாப் பிரியுங்கோ. மஞ்சளும் செம்மஞ்சளும் வர்ஜீனியா. பச்சை தட்டின மண்ணிறம் ஓரியண்டல், 965 இல மசிடோனியப் பக்கத்து இலை. கடும் மண்ணிறம் பிரவுண் கவென்டிஷ், அவிச்சு அமத்தின இலை. கறுப்பு லட்டாக்கியா. பிரிச்ச பிறகு ஒவ்வொரு குவியலையும் தனித்தனியா மணந்து பாருங்கோ. டின்னுக்குள்ள லட்டாக்கியா மற்ற எல்லாத்தையும் மூடி வைச்சிருக்கும். கடுதாசியில அது முடியாது. வர்ஜீனியாவில காய்ஞ்ச வைக்கோல் மணம் வரும், கொஞ்சம் இனிப்பா. ஓரியண்டலில ஒரு புளிப்பு, உலர்ந்த மூலிகை மாதிரி. அந்த ரெண்டையும் மூக்கு ஒருக்காப் பிடிச்சிட்டுது எண்டால் பேந்து புகைக்குள்ளயும் தேடிப் பிடிக்கும். (மற்ற டின்களில கவனம். அவிச்சுக் கறுப்பாக்கின வர்ஜீனியாவும், கறுப்புக் கவென்டிஷும் கண்ணுக்கு லட்டாக்கியா மாதிரித்தான் இருக்கும். மூக்கை மட்டும் நம்புங்கோ.)

நான் எண்பதுகளில லண்டனுக்கு வந்து கனகாலம் ஒரு புகையிலைக் கடையில கவுண்டருக்குப் பின்னால நிண்டனான். சாடியளிலயிருந்து இலையை அவுன்ஸ் கணக்கில நிறுத்து, ஆளுக்கு ஏற்றமாதிரிக் கலந்து குடுப்பம். அங்க நான் கண்டது, லட்டாக்கியாவைக் கூட்டச் சொல்லிற ஆக்கள் அடுத்த முறை வந்து இன்னும் கூட்டச் சொல்லுவினம், அதுக்கு அடுத்த முறை இன்னும். மூக்கு அந்தப் புகைக்குப் பழகிப் போகும். அப்ப டின் மெலிஞ்சு போச்செண்டு தோணும். இலை மாறியிராது. ரெண்டு மூண்டு நாள் அதைத் தொடாமல் விட்டுட்டு வந்தால் திரும்பவும் முழு மணம் அடிக்கும். அதால கரும்புகை சொல்லிற அளவுகோலை நான் ஏற்கமாட்டன். லட்டாக்கியா எவ்வளவு எண்டு உங்கட மூக்கு சொல்லிற கணக்கு நாளுக்கு நாள் மாறும்.

நான் பாக்கிறது வேற. அந்தப் புகைக்குக் கீழ வர்ஜீனியாவின்ர இனிப்பும் ஓரியண்டலின்ர புளிப்பும் உயிரோட இருக்கோ? பவுலின்ர, அதாவது சுங்கானில இலை நிரப்பிற கிண்ணத்தின்ர, நடுப்பகுதியில அவை மேல வருகினமோ? வந்தால் நல்ல கலவை. கடைசி மட்டும் ஒரே புகைதான் எண்டால், அது எவ்வளவு விலை குடுத்து வாங்கின டின் எண்டாலும் எனக்கு மட்டமான கலவைதான்.

லட்டாக்கியா எண்டது சிரியாவில ஒரு துறைமுகத்தின்ர பேர். இப்ப டின்களில வாறது சைப்பிரஸ் இலை. வெயிலில காயவைச்சு, பேந்து மூடின கொட்டிலுக்குள்ள தொங்கவிட்டு, மாஸ்டிக், மிர்ட்டில் மாதிரி வாசனைச் செடியளின்ர விறகை எரியவிடாமல் புகையவிட்டு, கிழமைக்கணக்கா மாதக்கணக்காப் புகை ஊட்டுவினம். எங்கட பக்கம் புகையிலைக் குடிலுக்குள்ள போய் வந்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் பொச்சுமட்டையும் பனை ஊமலும் போட்டுப் புகை போடுவம், அவை மாஸ்டிக் போடுகினம். கடையில லட்டாக்கியாச் சாடியை முதல்முதல் திறந்தபோது எனக்கு அப்பு தோட்டத்துக் குடில்தான் ஞாபகம் வந்தது. ஆனால் எங்கட இலை சப்பிற இலை, சரியான காரம். லட்டாக்கியாவில நிக்கொட்டின் குறைவு. மணம்தான் பெரிசு. அதால நாக்கு எரியிறதுக்கும் கசப்புக்கும் அந்தக் கறுப்பு இலையில பழி போட வேண்டாம்.

எரிச்சல் வர்ஜீனியாவால வருகுது. அதில சீனிச் சத்து கூட. பலமா இழுத்தால் சூடா எரியும். இலை ஈரமா இருந்தால் நீராவியும் சேர்ந்து நாக்கைச் சுடும். நீங்கள் இவ்வளவு நாளும் பிடிச்ச வெனிலா, செர்ரி வகையள் ஈரமா வரும், லேசில பற்றாது. அதைப் பற்றவைக்கிறதுக்காக பலமா இழுத்துப் பழகியிருப்பியள். அந்தப் பழக்கத்தோட 965 ஐப் பிடிச்சால் அது அடுப்பாப் போகும்.

அதால இப்படிச் செய்யுங்கோ. ஒரு பவுலுக்குக் காணுமான இலையைக் கடுதாசியில பரப்பி ஒரு அரை மணித்தியாலம் விடுங்கோ. விரலால அமத்தினால் கட்டியாகக்கூடாது, விட்டவுடன மெல்ல விரிய வேணும். நொறுங்கினால் கூடக் காய்ஞ்சிட்டுது. (கெண்டல் ஊர் சாமுவேல் கவித் ஆக்களின்ர ஸ்குவாட்ரன் லீடர் மாதிரி டின்கள் இன்னும் ஈரமா வரும். அதை நான் இரவு விரிச்சு வைச்சிட்டு விடியத்தான் தொடுவன்.) அடியில தளர்வா, மேல போகப் போகக் கொஞ்சம் இறுக்கமா நிரப்புங்கோ. வெறுமையா இழுத்துப் பாத்தால் காத்து தடையில்லாமல் வர வேணும். நெருப்புக்குச்சியின்ர மருந்து எரிஞ்சு முடியட்டும், பிறகு கிட்டக் கொண்டுபோங்கோ. முதல் நெருப்பில மேல் இலை கருகி எழும்பும். அதை மெல்ல அமத்திப்போட்டு ரெண்டாம் முறை பற்றவையுங்கோ. இதுக்குப் பிறகு ஆறுதலா. அணைஞ்சால் அணையட்டும், திரும்பப் பற்றவைக்கிறதில ஒரு குறையுமில்லை. பவுலைக் கன்னத்தில வைச்சுப் பாருங்கோ. சுட்டால் கீழ வைச்சிட்டுப் பொறுங்கோ. காத்தடிக்கிற தோட்டத்தில நிண்டு பிடிச்சுப்போட்டு ஒரு கலவையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது, காத்தே பவுலை ஊதி எரிச்சுப் போடும்.

முதல் மூண்டில ஒரு பங்கில ஒண்டும் எழுத வேண்டாம். அது லட்டாக்கியாவின்ர நேரம். உங்களுக்கு வந்த தாரும் விறகும் அதுதான். நடுப்பங்கில புகை கொஞ்சம் அடங்கும். அப்ப வாய்க்குள்ள இருக்கிற புகையில கொஞ்சத்தை, மிச்சத்தை வாயால விட்டுப்போட்டு, மூக்கு வழியா மெல்ல வெளியில விடுங்கோ. நெஞ்சுக்குள்ள இழுக்கிறதில்லை, வாயிலயிருந்து மூக்குக்கு. முதல்ல கொஞ்சம் கடிக்கும். அத்திப்பழம், தோல், சாம்பிராணி எண்டு மற்ற ஆக்கள் எழுதிறது எல்லாம் இந்த வழியாத்தான் வருகுது. நாக்குக்குத் தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி ஒரு சிலதுதான். மூக்கை மூடிக்கொண்டு பிடிக்கிற ஆளுக்கு எல்லாக் கலவையும் ஒண்டுதான்.

965 இல நடுப்பங்கில என்ன பாக்க வேணும் எண்டால், கவென்டிஷ். அது இதில ஒரு மெல்லிய இனிப்பைக் குடுத்து எல்லாத்தையும் வட்டமாக்கும். சில பேருக்கு அது பிடிக்காது, ஓரியண்டலின்ர கூர்மையை மழுங்கடிக்குது எண்டு சொல்லுவினம். எனக்கு அந்த வட்டம்தான் 965. உங்களுக்கு எப்படி எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும், சங்கத்தில கதைக்கிறதுக்கு அது ஒண்டே காணும்.

கடைசிப் பங்கில இனிப்புக் குறைஞ்சு மணம் கனக்கும். ஆனால் நல்ல கலவை கசக்கக் கூடாது. கசந்தால் இலையை இன்னும் கொஞ்சம் காயவைச்சு ஒருக்கா, இழுவையைக் குறைச்சு ஒருக்கா, வேற சுத்தமான சுங்கானில ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ. மூண்டிலயும் கசந்தால் கலவையில குறை. ஒண்டில போனால் குறை எங்க எண்டு உங்களுக்கே விளங்கும். புதுச் சோளக்கட்டைச் சுங்கான் எண்டு சொன்னியள். அதுகளில கனக்க வகையளுக்கு மரத் தண்டின்ர நுனி பவுலுக்குள்ள நீட்டிக்கொண்டு இருக்கும். முதல் சில தடவை அந்த மரம் கருகிற கசப்பும் சேர்ந்து வரும். உங்கட கசப்பில ஒரு பங்கு அதுவாத்தான் இருக்கும்.

கரும்புகைத் தம்பிக்கு: மர்ரே காலத்து டின் நல்லதுதான், நானும் வித்தனான், பிடிச்சனான். ஆனால் இத்தனை வருசம் மூடிக் கிடந்த டின்னில லட்டாக்கியாவின்ர கூர்மை குறைஞ்சு வர்ஜீனியா முத்தியிருக்கும். அதையும் போன மாதம் செய்த டின்னையும் பக்கத்தில வைச்சு ஆலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுறது நியாயமில்லை. நீங்கள் பாக்கிறது கனக்க வயசின்ர வித்தியாசம்.

குன்னூர்க்கோப்பை

நான் பைப் பிடித்து நிறுத்திப் பல காலம் ஆகிறது. தொழில் தேயிலை ருசி பார்ப்பது. குன்னூர் ஏலத்துக்கு வரும் மாதிரிகளை வரிசையாக வைத்து உறிஞ்சித் துப்பியே வாழ்க்கை போனது. ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுவதே வாசனை பின்வழியாக மூக்குக்கு ஏறுவதற்குத்தான். வடமராட்சி ஐயா சொன்ன மூக்கு விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன்.

கொங்கன் தம்பிக்கு எங்கள் மேசை வழக்கம் இரண்டு சொல்கிறேன். ஒன்று, எதையும் தனியாக ருசி பார்க்க மாட்டோம். பக்கத்தில் தெரிந்த கோப்பை ஒன்று இருக்க வேண்டும். ஒரே ஒரு கோப்பையை மட்டும் வைத்துக்கொண்டு "அடர்த்தி" என்று எழுதினால் மேலாளர் எதைவிட என்று கேட்பார். நீங்களும் 965-க்குப் பக்கத்தில் அதே குடும்பத்துக் கலவை ஒன்றை வையுங்கள்.

இரண்டாவது, முதலில் என்ன இருக்கிறது என்று எழுதிவிட்டுத்தான் பிடித்ததா இல்லையா என்று எழுதுவோம். வரிசை மாறினால் பிடித்த கோப்பையில் குறையே தெரியாது. எழுதும்போது உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் மணங்களையே எழுதுங்கள். சாப்பிட்டறியாத கம்பு ரொட்டியை எங்கே போய்த் தேடுவீர்கள்? கருப்பட்டி, புளித்த மோர், வறுத்த மல்லி, நெல் அவிக்கும் மணம், ஈர மண். பொள்ளாச்சிக்காரருக்குக் கொப்பரை உலர்த்தும் களத்தின் மணம் தெரியாமலா இருக்கும்? லீட்ஸ்காரர்களுக்குப் புரியாதே என்று தயங்க வேண்டாம். கேட்பார்கள், விளக்குங்கள். அவர்களும் அவர்கள் வீட்டு மணத்தைத்தான் எழுதிவைத்தார்கள்.

சீனாவில் வூயி மலையில் பைன் விறகுப் புகையில் உலர்த்தும் லாப்சாங் சூச்சோங் தேயிலையும் இதே சிக்கலைக் கொடுக்கும். மட்டமான இலையில் புகையைத் தவிர ஒன்றுமிருக்காது. நல்லதில் புகை விலகியதும் இலையின் இனிப்பு நிற்கும். எங்கள் மேசையில் அதை ஆறவிட்டுத்தான் பார்ப்போம், ஆறிய கோப்பையில் குறை மறையாது. நீங்களும் அணைந்த பவுலை கொஞ்ச நேரம் கழித்து மோந்து பாருங்கள். ருசி பார்ப்பதற்கு முன் காப்பி, ஊறுகாய், பூண்டு எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்.

மனோ_அக்கா

நான் பர்மிங்காமில் நர்ஸாக இருக்கிறேன். வாய், தொண்டை நோயாளிகளைப் பார்க்கும் பிரிவு. இங்கே யாரையும் நிறுத்தச் சொல்ல வரவில்லை. "நெஞ்சுக்குள் இழுக்கவில்லை" என்பதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், அதற்காக எழுதுகிறேன். பைப் புகை தங்குவது வாயில். உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுநோய் ஆபத்து பைப்பிலும் உண்டு. கொங்கன், நாக்கு எரிச்சல் பைப்பை வைத்த கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் சூடுதான். வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, ஆறாத புண்ணோ மூன்று வாரம் தாண்டி இருந்தால் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) அல்லது பல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். எரிகிற நாக்கோடு அடுத்த பவுலை நிரப்பாதீர்கள். ருசியும் தெரியாது.

கரும்புகை

வயது விஷயம் சரிதான் ஐயா, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் லட்டாக்கியா முன்னால் நிற்கும் கலவை எனக்குப் பிடிக்கும் என்பதில் மாற்றமில்லை. அப்படிப்பட்ட கலவைகளை நடுப்பங்கு வைத்தே அளந்தால் அவற்றுக்கு நியாயம் கிடைக்காது. புகையிலேயே பல அடுக்கு உண்டு. மாஸ்டிக்கின் பிசின் மணம் வேறு, வெறும் கரி மணம் வேறு.

லீட்ஸ்_கொங்கன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நாக்கு மறுநாளே சரியாகிவிட்டது. இரண்டு நாள் இடைவெளி விட்டுத்தான் மறுபடி தொட்டேன்.

கடுதாசி வேலையை ஞாயிறு காலையில் செய்தேன். ஐயா, உண்மையிலேயே கண் திறந்தது. நான் எல்லாமே கறுப்பு என்று நினைத்திருந்தேன், பாதிக்கு மேல் மஞ்சளும் பழுப்பும்தான். பச்சை தட்டிய இலையை மோந்ததும் எனக்கு வந்தது எங்கள் வீட்டு மோர்ப்பானை. இரண்டு நாள் புளித்த மோர். அரை மணி நேரம் போதவில்லை, எங்கள் வீட்டில் ஈரம் அதிகம், ஒரு மணி நேரம் விட்டேன். சாயங்காலம் சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பிடித்தேன். நடுப்பங்கில் அந்த மோர்ப் புளிப்பு வந்துபோனது. நின்று நிலைக்கவில்லை, மூக்கு வழியாக விடும்போது மட்டும் ஒரு நொடி. கூடவே கொப்பரைக் களத்து மணம். குன்னூர் ஐயா சொன்னதால்தான் அதற்குப் பெயர் வைக்கத் தெரிந்தது. எண்ணெய் கசியும் கொப்பரை, லேசாகப் புகைபட்டது.

கடைசிப் பங்கில் கசப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது, போகவில்லை. பைப்புக்குள் பார்த்தேன், மரத் தண்டின் நுனி கருகியிருந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். கூட்டத்துக்கு 965 உடன் எதைக் கொண்டுபோவது? சங்கத்தில் 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பார்கள். எத்தனை போடுவது?

வடமராட்சியான்

மோர்! தம்பி, அதுதான் ஓரியண்டல். எனக்குச் சரியான சந்தோசம். அந்தப் புளிப்பை ஒருக்காப் பிடிச்ச மூக்கு இனி விடாது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலா நிக்கும்.

பக்கத்தில வைக்கிறதுக்கு ஏர்லி மோர்னிங் பைப் எண்ட கலவை. அதே குடும்பம், இப்ப அதுவும் பீட்டர்சன் பேரில வருகுது. அதில லட்டாக்கியா குறைவு, ஓரியண்டல் முன்னுக்கு நிக்கும். அதை முதல்ல பிடிச்சிட்டு, வாயைத் தண்ணியால கொப்பளிச்சு, கொஞ்சம் பொறுத்து 965. அப்ப லட்டாக்கியா கூடினால் என்ன நடக்குது, கவென்டிஷ் சேர்ந்தால் என்ன நடக்குது எண்டு சங்கத்து ஆக்களுக்கும் வாயிலயே தெரியும். திருப்பிப் பிடிச்சால் சரிவராது. பலமான மணத்துக்குப் பிறகு மெல்லியது வெறும் சூடான காத்தாப் போகும்.

மதிப்பெண் போடுறதில எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் கேட்டால் குடுக்கத்தான் வேணும். அதுக்கு முன்னம் இதைச் சொல்லுங்கோ: பிரித்தானியாவில புகையிலைக்கு வாசனையும் இனிப்பும் சேர்க்கிறதை நெடுங்காலம் சட்டம் கட்டுப்படுத்தி வைச்சிருந்தது. அதால கலக்கிற ஆக்கள் இனிப்பு, புளிப்பு, மணம் எல்லாத்தையும் இலையிலயிருந்தே எடுக்க வேண்டி இருந்தது. வர்ஜீனியா, ஓரியண்டல், லட்டாக்கியா எண்டு மூண்டு விதமா உலர்த்தின இலை ஒரு டின்னுக்குள்ள வந்தது அந்தத் தேவையால. டன்ஹில் 1907 இல லண்டன் டியூக் வீதியில கடை திறந்து, வாற ஒவ்வொரு ஆளின்ர விருப்பத்துக்கும் ஒரு கலவை செய்து, அதுக்கு ஒரு இலக்கம் போட்டு மை மிக்சர் பதிவேட்டில எழுதி வைச்சவை. 965 அப்படி ஒரு இலக்கம். ஆரோ ஒரு ஆளின்ர நாக்குக்கு அளந்து செய்த கலவை இது, அந்த ஆளுக்குக் கவென்டிஷின்ர இனிப்பு வேண்டி இருந்திருக்கு. அப்ப உங்கட மதிப்பெண் எண்டது, அந்த ஆளின்ர நாக்குக்கும் உங்கட நாக்குக்கும் எவ்வளவு ஒத்துவருகுது எண்டதுதான். நடுப்பங்கில மூண்டு இலையும் தனித்தனியாத் தெரியுதோ எண்டதுக்கு ஒரு பங்கு மதிப்பெண், கடைசிப் பங்கு சுத்தமா முடியுதோ எண்டதுக்கு ஒரு பங்கு, அடுத்த நாளும் அதைப் பிடிக்க மனம் வருதோ எண்டதுக்கு ஒரு பங்கு போடுங்கோ. முதல் பங்கின்ர புகைக்கு நான் ஒண்டும் போடமாட்டன். கரும்புகைத் தம்பி போடுவார். அவர் சொன்ன பிசின் மணமும் கரி மணமும் வேற வேற எண்டது சரியான பேச்சு, கரி மணம் மட்டும் அடிச்சால் அந்த லட்டாக்கியா நல்லதில்லை. அதுக்காக உங்கட மூக்கும் அங்க ஒரு பார்வை பாக்கட்டும்.

மிச்சக் கசப்புக்கு: அந்த மரநுனி இன்னும் சில பவுலில கரியாகி ஓயும். கூட்டத்துக்கு முன்னம் இதே சுங்கானில 965 ஐயே பிடிச்சுப் பழக்கி முடியுங்கோ, வெனிலாவை அதுக்குள்ள விட்டுடாதேயுங்கோ. ஒவ்வொரு முறையும் பைப் கிளீனரைத் தண்டுக்குள்ள விட்டு ஈரத்தை எடுத்துப்போட்டு ரெண்டு நாள் ஆறவிடுங்கோ. அதோட கடைசிச் சாம்பலடியில கொஞ்சம் ஈர இலை மிஞ்சும். அதையும் எரிச்சுத்தான் முடிக்க வேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை, தட்டிக் கொட்டுங்கோ.

திறந்த டின்னில கன நாள் வைக்க வேண்டாம். ரப்பர் வளையம் வைச்ச சின்னக் கண்ணாடிச் சாடியில மாத்தி இருட்டில வையுங்கோ, கூட்டம் வரைக்கும் ஈரம் அப்படியே இருக்கும்.

நைட்கேப்பை அண்டைக்குக் கொண்டுபோகாதேயுங்கோ. அதில லட்டாக்கியாவோட லூசியானாவின்ர பெரீக் எண்ட, அமத்திப் புளிக்கவைச்ச இலையும் இருக்கு, மிளகு மாதிரி ஏறும், பலமும் கூட. வெறும் வயித்தில பிடிச்சால் தலை சுத்தும். வேணுமெண்டால் வேறொரு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.